விழாவுக்குச் செல்லும் கலைஞன் கொண்டுவர வேண்டியது எது?

நம் கல்லூரிகள் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகின்றன. பிற கல்லூரிகள் நடத்தும் விழாக்களுக்கும் நம் மாணவர்கள் சென்றுவருகின்றனர். திரும்பிவந்த மாணவரை நாம் கேட்கும் முதல் வினா, "கேடயம் கிடைத்ததா?" என்பதே. கிடைத்திருந்தால் முதல்வர் அறையில் கூடி நின்று நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். கிடைக்காவிடில் பயணப்படி வீணாயிற்றே என்று வருந்துகிறோம். "அங்கே நீ எதைக் கண்டாய்? யாருடைய ஆட்டம் அன்றிரவு உன்னை உறங்கவிடாமல் செய்தது?" என்று கேட்போர் அரியர். பெரியோர் சிலர் இன்னும் ஒருபடி சென்று, படிக்கும் பிள்ளைக்கு விழா எதற்கு என்றே வினவுகின்றனர்.

இவ்விரு நிலைகளும் பொருந்தா என்பது என் கருத்து. கவிதை எழுத, நடிக்க, இசைக்க, ஓவியம் தீட்ட விரும்பும் இளைஞன் நிகழ்கலை விழாக்களுக்குச் செல்லவே வேண்டும். ஆனால் அங்கிருந்து அவன் கொண்டுவர வேண்டியது கேடயமும் அன்று. பிறர் ஆடியதன் நகலும் அன்று. அவன் வியப்பைக் கொண்டுவர வேண்டும். அவ்வியப்பைத் தன்னுள் நெடுநாள் வைத்திருந்து தன் தொழிலுக்குள் செரித்துக்கொள்ள வேண்டும். பின்னர், அது யாரிடமிருந்து வந்தது என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் விழாவுக்குச் சென்றதன் பயன் முழுமை பெறாது. இதனை விளக்க, ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு வேறு விழாக்களைக் கண்ட ஓர் இசைக்கலைஞரின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அவர் பிரான்சு நாட்டு இசைப்படைப்பாளர் குளோத் தெபுசி (1862–1918).

மருட்கையின் நான்கு நிலைக்களன்கள்

அவ்வரலாற்றினுள் புகுமுன், நம்மிடம் உள்ள ஓர் அளவுகோலை நினைவுகூர்தல் நலம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார் என்பதை நம் துறை மாணவர் அறிவர். அவ்வெட்டனுள் மருட்கை, அதாவது வியப்பு, ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்பார் அவர்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு கண்டறியாத ஒன்றைக் காணுதல் புதுமை. முன்பு கண்டவற்றினும் மிகப் பெரிதாகிய ஒன்றைக் காணுதல் பெருமை. மிக நுண்ணிதாகிய ஒன்றைக் காணுதல் சிறுமை. ஒன்று திரிந்து வேறொன்றாதலைக் காணுதல் ஆக்கம். உரையாசிரியர்கள் இவ்வாறே விளக்குவர்.

தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் பகுதி இது. ஆயினும், ஒரு கலைஞன் விழா அரங்கில் அமர்ந்திருக்கும்போது அவன் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பதை அறிய இதனினும் சிறந்த கருவி வேறில்லை எனலாம். வியப்பு ஒருதன்மைத்து அன்று. ஒருவகை வியப்பு மனிதனை மண்டியிடச் செய்யும். மற்றொரு வகை அவனை எழுந்து நடக்கச் செய்யும். தெபுசியின் வாழ்வில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

பெருமை கண்ட வியப்பு

செருமனி நாட்டில் பைராய்ட் என்பது ஒரு சிற்றூர். இசைநாடகப் பேராசான் ரிச்சர்டு வாக்னர், தம் நாடகங்களை நடிப்பதற்கென்றே அவ்வூரில் ஓர் அரங்கம் கட்டி, 1876-இல் ஒரு விழாவைத் தொடங்கினார். அவ்வரங்கில் இசைக்குழுவினர் அவையோர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளத்தில் மறைந்திருப்பர். அவையில் இருள் சூழ்ந்திருக்கும். ஒலி எங்கிருந்து எழுகிறது என்று அறியாத நிலையில், காண்போர் நாடகத்துக்குள் முழுவதும் அமிழ்ந்துபோவர். 1883-இல் வாக்னர் மறைந்த பின்னரும் விழா தொடர்ந்தது, இன்றளவும் நடைபெறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இசை கற்ற ஐரோப்பிய இளைஞர்க்கு அது புனிதத் தலம் போல விளங்கியது.

1884-இல் பிரான்சின் உயர்ந்த இசைப்பரிசாகிய ரோமாபுரிப் பரிசைப் பெற்றிருந்த தெபுசி, 1888-இலும் 1889-இலும் பைராய்ட் சென்றார். முதன்முறை கண்டபோது அவர் உள்ளம் நெகிழ்ந்தார். இரண்டாம் முறை சென்று திரும்பியபோது ஐயம் பிறந்தது. வாக்னரின் பெருமை குறித்து எழுந்த ஐயமன்று அது. அப்பெருமையின் நிழலில் தாம் எங்கே நிற்பது என்பது குறித்த ஐயம். பேராலமரத்தின் கீழ்ச் சிறு செடியும் வளர்வதில்லை என்பது நம் ஊர்ப்புறத்தார் அறிந்த உண்மை.

இவ்வையம் வெறும் மனநிலையாக நின்றுவிடவில்லை. 1893-இல் அவர் "பெலேயாவும் மெலிசாந்தும்" என்னும் இசைநாடகத்தை எழுதத் தொடங்கினார். எழுதிய பகுதி ஒன்றை மீண்டும் நோக்கியபோது, அதற்குள் வாக்னரின் சாயல் நிற்பதைக் கண்டு, எழுதியதைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நண்பர் ஒருவர்க்கு அவ்வாண்டு எழுதிய கடிதத்தில் அவரே இதனைக் குறிப்பிடுகிறார். பெருமை கண்டு வியத்தல் இன்றியமையாதது. ஆயினும் அதனோடு நின்றுவிடும் கலைஞன், தான் வியந்தவனின் எதிரொலியாகவே முடிந்துபோவான். நம் மாணவர்களுள் பலர் ஒரு திரைப்பட நடன இயக்குநரையோ ஒரு மேடைப் பேச்சாளரையோ கண்டு வியந்து, அவர் தம் கையசைவையும் குரல் ஏற்றத்தையும் அப்படியே மேடையில் காட்டுவது இவ்வகை வியப்பின் விளைவேயாகும்.

புதுமை கண்ட வியப்பு

அதே 1889-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி மே மாதம் 6-ஆம் நாள் தொடங்கி அக்டோபர் இறுதிவரை நடந்த அக்காட்சியை 3 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கண்டனர். ஈபெல் கோபுரம் அதற்காகவே கட்டப்பட்டது. மக்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தெபுசியை ஈர்த்தது இன்வாலித் திடலில் அமைந்திருந்த ஒரு மூங்கில் குடியிருப்பு.

அது டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சாவகத் தீவின் சிற்றூர் போல அமைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 60 பேர் அத்தீவிலிருந்து அழைத்துவரப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களுள் ஓர் இசைக்குழு இருந்தது; நான்கு இளம் ஆடற்பெண்டிர் இருந்தனர். அவ்விசைக்குழு வாசித்ததே கமெலான் எனப்படும் கூட்டிசை.

சாவகம் என்னும் பெயர் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியமே அப்பெயரைக் கூறுகிறது. ஆயினும் அத்தீவின் இசை நம்மில் பலர்க்கு அறிமுகமில்லாதது. வெண்கலத் தகடுகளும், குடம் போல் கவிழ்த்து வைத்த வெண்கலக் கலங்களும், "கோங்" எனப்படும் பெரிய சேகண்டியும், முழவும் சேர்ந்து ஒலிப்பது அது. நம் தாள ஆவர்த்தனத்தை ஒருவாறு ஒத்த சுற்றுகளாக இசை நடக்கும். சுற்று முடியும் இடத்தைப் பெரிய கோங் ஒரே ஒரு முறை ஒலித்துக் காட்டும். ஒரே இசைக்கோலத்தைச் சில கருவிகள் மெதுவாகவும், சில அதனினும் விரைவாகவும், சில மிக விரைவாகவும் வாசிக்கும். அதன் இருவகைச் சுரவரிசைகளுள் ஒன்று ஐந்து சுரங்களால் ஆனது. ஐந்து நரம்புடைய இசையைத் திறம் என்று வழங்கிய தமிழர்க்கு ஐந்தென்னும் எண் வியப்பளிக்காது. ஆனால் அச்சுரங்களுக்கு இடையே உள்ள தொலைவு நம் மோகனத்தினின்றும் வேறானது. ஐரோப்பியரின் பியானோவில் அடங்காதது.

இவ்விசை அத்தீவு மக்களின் வாழ்வோடு பிணைந்தது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். சாவகத்து மக்களுள் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். யோக்யகர்த்தா, சுரகர்த்தா ஆகிய அரண்மனை நகரங்களில் நபிகள் நாயகத்தின் பிறந்த மாதமாகிய ரபீஉல் அவ்வலில் "செக்காத்தேன்" என்னும் விழா நடைபெறும். அப்போது அதற்கென்றே போற்றிவைக்கப்பட்ட கமெலான் கருவிகள் பெரிய பள்ளிவாசலின் முற்றத்து மண்டபங்களில் வாசிக்கப்படும். 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் கமெலானை மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

பைராய்டில் தெபுசி கண்டது, தாம் கற்ற இலக்கணத்தின் உச்சி. பாரிசில் கேட்டதோ, அவ்விலக்கணத்துக்கு உட்படாத ஒன்று. ஆயினும் செம்மையான ஒழுங்குடைய ஒன்று. தாம் கற்றதே இசையின் முழு இலக்கணம் அன்று என்பதை அது அவர்க்கு உணர்த்தியது. புதுமை கண்ட வியப்பின் பயன் இதுவே. பெருமையோ "உன்னால் ஆகாது" என்று சொல்லி அச்சுறுத்தும். புதுமை "இப்படியும் ஆகலாம்" என்று சொல்லி வழிவிடும். ஆகவே விழாவுக்குச் செல்லும் மாணவன், தான் ஏற்கனவே போற்றும் ஒன்றைக் காண மட்டும் செல்லுதல் போதாது. தனக்குப் புரியாத ஒன்றின் முன்னும் சிறிது நேரம் பொறுமையோடு அமர்ந்திருத்தல் வேண்டும்.

சிறுமை கண்ட வியப்பு

இனி, விழாவில் பார்ப்பது எப்படி என்னும் வினா எழும். இதற்கு விடையாக மற்றொரு கலைஞரைச் சுட்டலாம். 1906-ஆம் ஆண்டு கம்போடிய மன்னர் சிசொவத்து பிரான்சுக்கு வருகை புரிந்தார். அவருடன் வந்த அரண்மனை ஆடற்பெண்டிர், மார்செய் நகரில் நடந்த குடியேற்ற நாட்டுப் பொருட்காட்சியிலும், சூலைத் திங்களில் பாரிசிலும் ஆடினர். பாரிசில் அவர்களைக் கண்ட சிற்பி ஒகுஸ்த் ரோதானுக்கு அப்போது வயது 65. உலகப் புகழின் உச்சியில் இருந்தவர் அவர். ஆடற்பெண்டிர் மார்செய் திரும்பியபோது அவரும் தொடர்ந்து சென்றார். அங்கே தாள்களில் ஏறத்தாழ 150 சித்திரங்கள் தீட்டினார்.

அச்சித்திரங்களை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். அரண்மனை அணிகலன்களிலோ ஆடையின் பொன்வேலைப்பாட்டிலோ அவர் கண் தங்கவில்லை. விரல் பின்னோக்கி வளைவது, முழங்கை மடங்குவது, ஒற்றைக்காலில் உடல் நிறை தாங்குவது ஆகிய நுண்ணிய அசைவுகளையே அவர் கோடு தேடிற்று. சிறுமை என்று தொல்காப்பியர் கூறியது இதனையே எனக் கொள்ளலாம். விழா என்பது பேரொளியும் பேரோசையும் நிறைந்தது. அதனுள் சிற்றசைவு ஒன்றைத் தேடிப் பிடிக்கும் கண்ணே கலைஞனின் கண். 65 வயதில் மாணவனைப் போல ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பின்தொடர்ந்து செல்ல அவர் நாணவில்லை என்பது, மாணவர்க்கு மட்டுமன்றி ஆசிரியராகிய எமக்கும் பாடமாகும்.

இன்று அரங்கில் விளக்கு அணைந்தவுடன் நூறு கைப்பேசிகள் எழுகின்றன. மாணவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆட்டம் சரியாகப் பதிவாகிறதா என்று சிறு திரையைப் பார்க்கின்றனர். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்னும் உறுதி, இப்போது பார்க்க வேண்டிய கட்டாயத்தை நீக்கிவிடுகிறது. கருவியைப் பழிப்பது என் நோக்கமன்று. தொலைதூரத்துக் கலைகளை நம் வீட்டுக்குக் கொண்டுவரும் நன்மை அதற்குண்டு. ஆனால் ரோதானின் கை வரைந்தபோது அவர் கண் இருமடங்கு கூர்மை பெற்றது. நம் கை படம்பிடிக்கும்போது கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது. பதிவுக்கருவி அனைத்தையும் வைத்துக்கொள்ளும். மனித நினைவோ சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும். எது தங்கிற்று, எது மறைந்தது என்பதிலேயே கலைஞனின் தனித்தன்மை தொடங்குகிறது.

ஆக்கம்

தெபுசி கமெலான் கேட்டது 1889-இல். அதன் தாக்கம் வெளிப்படையாகப் புலப்படும் பியானோ இசைப்படைப்பாகிய "பகோட்", "எஸ்தாம்ப்" என்னும் தொகுப்பின் முதற்பகுதியாக வெளிவந்தது 1903-இல். இடைப்பட்ட காலம் 14 ஆண்டுகள். இடையில் அவர் அதனை மறந்திருக்கவில்லை. 1895-இல் நண்பர் பியேர் லூயிக்கு எழுதிய கடிதத்தில், சொல்லால் சுட்ட முடியாத நுண்பொருள்களையும் உணர்த்தவல்ல அச்சாவக இசையை நினைவூட்டுகிறார். நினைவு இருந்தது, அவசரம் இல்லை.

"பகோட்" படைப்பில் அவர் கமெலான் குழுவினரின் இசைக்கோலம் ஒன்றை அப்படியே எடுத்துப் பியானோவில் ஏற்றிவிடவில்லை. கீழ்ச்சுரங்கள் கோங் போல நின்று ஒலிக்கின்றன. மேற்சுரங்கள் விரைந்து சுழல்கின்றன. இடையே ஐந்து சுரங்களால் ஆன இசைவரி மெல்ல நடக்கிறது. வெவ்வேறு விரைவுகள் ஒரே காலத்தில் உடன்நடக்கும் அந்த அமைப்பைத்தான் அவர் கற்றுக்கொண்டார். வெண்கலத்தில் பிறந்த ஒரு கருத்து, தந்தியும் மரமும் கொண்ட கருவியில் வேறொன்றாகப் பிறந்தது. ஒன்று திரிந்து வேறொன்றாதல் என்னும் ஆக்கத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

நம் நாட்டிலும் இத்தகைய ஆக்கம் நிகழ்ந்துள்ளது. சிறுகதை எழுத்தாளராக அறியப்பட்டிருந்த ந. முத்துசாமி, 1970களில் சென்னையில் புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்டார். படிப்பறியாதார் பொழுதுபோக்கு என்று நகரத்தார் ஒதுக்கிவைத்திருந்த கூத்தில், உலக நாடக அரங்கோடு ஒப்பவைக்கத்தக்க ஒரு முழுமையான அரங்கக் கலையை அவர் கண்டார். 1977-இல் கூத்துப்பட்டறை தோன்றியது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்தாசிரியரிடம் நகரத்து நடிகர்கள் அடவு பயின்றனர். அப்பட்டறை நடித்த நவீன நாடகங்கள் தெருக்கூத்தின் நகல்கள் அல்ல. கூத்திலிருந்து உடலும் குரலும் பெற்ற புது நாடகங்கள். 2018-இல் மறையும்வரை முத்துசாமி தாம் கூத்துக்குக் கடன்பட்டவர் என்பதை எழுத்திலும் பேச்சிலும் சொல்லிவந்தார்.

நகலுக்கும் ஆக்கத்துக்கும் உள்ள வேறுபாடு காலமும் உழைப்புமே. நகல் எடுக்க ஓர் இரவு போதும். ஆக்கத்துக்கு ஆண்டுகள் வேண்டும். விழாவில் கண்டதை அடுத்த வாரமே மேடையேற்ற வேண்டும் என்னும் நம் கல்லூரிகளின் பரபரப்பு, ஆக்கத்துக்கு இடமளிக்காமல் நகலுக்கே பரிசளிக்கிறது.

கடன் அறிதல்

இங்கே ஒரு வினா எழும், எழ வேண்டும். மிளகையும் சருக்கரையையும் தேயிலையையும் ஆசிய நாடுகளிலிருந்து அள்ளிச்சென்ற ஐரோப்பியர், இசையையும் அவ்வாறே அள்ளிச்சென்றனரா? இவ்வினாவை எளிதில் ஒதுக்க இயலாது. அப்பொருட்காட்சியில் சாவக மக்கள் வேலிக்குள் வைத்துக் காட்டப்பட்டனர். அவர்கள் உண்பதும் நெய்வதும் காட்சிப்பொருள்களாயின. அன்றியும், அங்கே காட்டப்பட்டது உண்மையான ஒரு சாவக ஊரும் அன்று. இசைக்குழு மேற்குச் சாவகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. ஆடற்பெண்டிரோ நடுச் சாவகத்துச் சுரகர்த்தா அரண்மனையைச் சார்ந்தவர்கள். வெவ்வேறு வட்டாரத்து மரபுகளை ஒன்றாக்கி "இதுவே சாவகம்" என்று ஆட்சியாளர் காட்டினர்; பார்த்தவர் நம்பினர். விழா எவ்வளவு சிறந்ததாயினும், அது காட்டுவது ஒரு கலையின் முழுமுகம் ஆகாது என்பதற்கு இது போதிய சான்று. ஆட்சியாளரின் அநீதியைக் கலைஞன் அடைந்த வியப்பு கழுவிவிடாது.

எனினும் கற்றல் வேறு, கவர்தல் வேறு. கவர்பவன் மூலத்தை மறைப்பான். கற்பவன் மூலத்தைக் காட்டுவான். 1913-இல், புகழ் பெற்ற நிலையில், தெபுசி ஓர் இசை இதழில் கட்டுரை எழுதினார். ஐரோப்பிய இசையில் பல குரல்களை இணைத்துப் பின்னும் கலையின் தந்தை போல் போற்றப்படுபவர் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியராகிய பலஸ்திரினா. சாவக இசையின் பின்னலோடு ஒப்பிட்டால் பலஸ்திரினாவின் கலை சிறுபிள்ளை விளையாட்டே என்னும் கருத்துப்பட அக்கட்டுரையில் அவர் எழுதினார். அந்நாளில் தன் இசையே உலகின் உயர்ந்த இசை என்று நம்பிய ஒரு சமுதாயத்தின் நடுவில் நின்று அவர் அதனைச் சொன்னார். அவர் கடன் முழுவதும் தீர்ந்தது என்று நான் கூறேன். அந்த இசைக்குழுவினர் எவருடைய பெயரையும் அவர் தம் எழுத்தில் நிலைநிறுத்தவில்லை. "சாவகத்தார்" என்னும் பொதுப்பெயரே மிஞ்சிற்று. இக்குறையை நாமும் செய்துவருகிறோம். கிராமியக் கலை நிகழ்ச்சி என்று அழைப்பிதழில் அச்சிட்டு, பறை முழக்கியவர் பெயரையும் கரகம் ஆடியவர் பெயரையும் விட்டுவிடுகிறோம். தலைமை தாங்குவோர் பெயர்களோ பட்டங்களோடு இடம்பெறுகின்றன.

தமிழ் மரபில் இதற்கொரு நெறி உண்டு. அது ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கூத்தனோ பாணனோ பொருநனோ, எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்குத் தான் சென்ற வழியையும் தனக்கு அளித்தவன் பெயரையும் ஊரையும் விரித்துரைப்பான். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்திருத்தல் தற்செயலன்று. பெற்றவன் மறைக்கக் கூடாது. பெற்ற இடத்தைப் பிறர்க்கும் காட்ட வேண்டும் என்பது அக்காலக் கலைஞர்தம் அறம். அங்கே பெற்றது பொருள். இங்கே பெறுவது கலை. அறம் ஒன்றே.

நாம் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் சில கருத்துகளை நம் கல்லூரிச் சமுதாயத்தின் முன் வைக்க விழைகின்றேன்.

பெரியோர்க்கும் ஆட்சிக் குழுவினர்க்கும் ஒன்று. படிக்கும் பிள்ளைக்கு விழா எதற்கு என்று கேட்க வேண்டா. வகுப்பறை இலக்கணத்தைத் தரும். அவ்விலக்கணத்துக்கு வெளியேயும் அழகு உண்டு என்பதை விழாவே காட்டும். சிலம்பின் அரங்கேற்று காதையைக் கற்கும் மாணவன் ஒரு முறையேனும் அரங்கின் முன் அமர்ந்திராவிட்டால், அக்காதை அவனுக்குச் சொற்பட்டியலாகவே நின்றுவிடும். ஆண்டுக்கு ஒரு முறையேனும், போட்டிக்காக அன்றிப் பார்ப்பதற்காகவே மாணவரை ஒரு விழாவுக்கு அனுப்ப நிதி ஒதுக்குதல் வேண்டும். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நடத்தப்படும் கூத்து விழா போன்றவை நமக்கு எட்டாத தொலைவில் இல்லை.

ஆசிரியர்க்கு ஒன்று. மாணவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. நாமும் உடன்சென்று தரையில் அமர்ந்து விடியும்வரை பார்க்க வேண்டும். திரும்பியபின், கண்டவற்றுள் எது மனத்தில் நின்றது என்று ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் எழுதச் செய்ய வேண்டும். கலைஞரின் பெயர், ஊர், அவர்தம் ஆசிரியர் பெயர் ஆகியவை அப்பக்கத்தின் முதல் வரியில் இடம்பெறல் வேண்டும்.

மாணவர்க்கு ஒன்று. கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுப் பாருங்கள். பிடித்ததை மட்டுமன்றிப் புரியாததையும் பாருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை களைந்துகொண்டிருக்கும் கலைஞரிடம் சென்று பெயரையும், எத்தனை ஆண்டு பயின்றார் என்பதையும் பணிவோடு கேளுங்கள். கண்டதை உடனே மேடையேற்றாதீர்கள். அதை உள்ளத்தில் வைத்திருங்கள். அது உங்கள் கவிதையில் ஒரு சந்தமாகவோ, ஓவியத்தில் ஒரு வளைவாகவோ, நடிப்பில் ஒரு மௌனமாகவோ என்றேனும் வெளிப்படும். வெளிப்படும் நாளில் கொடுத்தவர் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்த விழாவுக்குச் சென்று திரும்பும் மாணவரிடம் நாம் முதலில் கேட்கும் வினாவையும் மாற்றிக்கொள்வோம். கேடயத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம். யாரைக் கண்டு வியந்தாய், அவர் பெயர் என்ன என்பதை முதலில் கேட்போம். அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்த மாணவன் வெறுங்கையோடு திரும்பியிருந்தாலும், அவனுக்காகச் செலவிட்ட பயணப்படி வீணாகவில்லை என்று உறுதியாகக் கொள்ளலாம்.